கையில் கொடுத்து முடித்துவிடலாமா?

கேள்வி: பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது, பின்னால் நின்ற காரின் முன் பம்பரில் இடித்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். அவர் பம்பரில் விரிசல், என் வண்டியில் ஒரு கீறல். ‘இன்ஷூரன்ஸ் எதற்கு? ஒரு தொகையைக் கொடுத்துவிடுங்கள்’ என்று அவர் ஃபோனில் கேட்கிறார். கணவரும் கொடுத்துவிடு என்கிறார். எனக்கென்னவோ தயக்கம். அந்தக் காரில் அவருடைய வயதான அம்மாவும் உட்கார்ந்திருந்தார்.

பதில்: போகிறபோக்கில் கடைசியாக ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அதுதான். மெதுவாக இடித்தாலும் கழுத்து வலி சில சமயம் மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் தெரியும். ஆளுக்கு அடி என்று ஆகிவிட்டால் மருத்துவச் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று இன்றே விசாரியுங்கள். வலி என்றால் கைக்காசு யோசனையை அங்கேயே விட்டுவிட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றால், சரி, பம்பருக்கு வருவோம். கொடுக்கலாம். ஆனால் கார்க்காரர் குத்துமதிப்பாகச் சொல்லும் தொகையை அல்ல. பம்பரின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக். பல சமயம் இடிபட்டதும் வளைந்து, பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். உள்ளே கிளிப்புகள் உடைந்திருக்கலாம், சென்சார் நகர்ந்திருக்கலாம். முன்பக்கம் ரேடார் உள்ள கார் என்றால், அதைத் திரும்பச் சரியாக அமைக்கும் செலவு பெயின்ட் செலவையே தாண்டக்கூடும். கழற்றிப் பார்க்கும்வரை அவருக்கே இது தெரியாது. (பணம் வாங்கிக்கொண்டு மறுபடி கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. பலர் முதலிலேயே கழற்றிப் பார்க்காதவர்கள்.)

பம்பரைக் கழற்றிப் பார்த்து ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் கொடுக்கட்டும். அப்புறம் உங்கள் பாலிசியை எடுங்கள். கிளெய்ம் போனால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பாதிக்குமா, அடுத்த சில வருடங்களுக்குப் பிரீமியம் எவ்வளவு கூடும்? அந்தக் கூட்டுத்தொகையைவிட எஸ்டிமேட் குறைவாக இருந்தால் கையிலிருந்து கொடுப்பதே லாபம். உங்கள் கீறலை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சொந்த வண்டியின் பழுதில் முதல் பகுதியை எக்செஸ் என்று பெரும்பாலும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். ஒரு கீறலுக்கான செலவு அதற்குள்ளேயே முடிந்துவிடலாம்.

பலர் கோட்டைவிடும் இடம் இனிதான் வருகிறது. கிளெய்ம் கேட்காவிட்டாலும் விபத்தைத் தெரிவிக்க வேண்டும், நிறுவனத்தின் சம்மதமில்லாமல் தவறை ஒப்புக்கொண்டு பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது என்று பல பாலிசிகளில் விதி உண்டு. மறைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸோடு போய் நின்றால் நிறுவனம் கைவிரிக்கலாம். ‘தகவலுக்காக மட்டும், கிளெய்ம் இல்லை’ என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, கையிலிருந்து கொடுக்கச் சம்மதமும் கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் தகவல் சொன்னாலே பிரீமியம் கொஞ்சம் ஏறும். எனக்கு அது பரவாயில்லை என்றே தோன்றுகிறது. அதுவரை அவருக்கு வாட்ஸ்அப்பில் எதையும் ஒப்புக்கொண்டு எழுதாதீர்கள்.

பணத்தை ரொக்கமாகத் தராமல், பில்லைப் பார்த்து ஒர்க்‌ஷாப்புக்கே வங்கி மூலம் கட்டிவிடுங்கள். தேதி, இடம், இரண்டு வண்டி எண்கள், தொகை எல்லாம் போட்டு, ‘இந்த விபத்து தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு அவர் மறுத்தால் பணமும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். உங்கள் பாலிசி எண்ணைக் கொடுத்து, இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமே பேசச் சொல்லிவிடுங்கள்.