இரவு பதினொரு மணிப் பசி

கேள்வி: எனக்கு 44 வயது, உயரம் 158 செ.மீ. முந்தின வருடம் எட்டு மாதத்தில் 86 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு இறங்கினேன். சோற்றைப் பாதியாகக் குறைத்து, தினமும் வேலை முடிந்து நடந்தேன். இப்போது மறுபடியும் 83. எல்லாரும் தூங்கிய பிறகு, இரவு பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் பிராட்டாவை நின்றபடியே தின்கிறேன். “வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு டயட் எதற்கு?” என்கிறார் மாமியார். எனக்கு மனத்திடம் இல்லையா? – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: எட்டு மாதம் விடாமல் நடந்து 14 கிலோ இறக்கியவருக்கு மனத்திடம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன், சகோதரி. அந்தப் பிராட்டா வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். ருசிக்குச் சாப்பிடுகிறவர் அதைச் சுடவைத்து, மீன் குழம்பு ஊற்றி, உட்கார்ந்து சாப்பிடுவார். ஆறிப்போனதை நின்றபடி தின்ன வைப்பது பசி. அந்தப் பசி உங்கள் மூளையிலிருந்து வருகிறது.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி, பாதாம் பருப்பு அளவுதான். ‘சாப்பிடு’ என்று தூண்டும் நரம்பணுக்களும், ‘போதும்’ என்று நிறுத்தும் நரம்பணுக்களும் அதில் அருகருகே இருக்கின்றன. உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருப்பு இருக்கிறது என்ற சேதியை அங்கே கொண்டுபோவது லெப்டின் என்ற ஹார்மோன். அதைச் சுரப்பது கொழுப்பு அணுக்களேதான். 1994இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதன் மரபணுவைக் கண்டுபிடித்தது. லெப்டின் சுரக்காத எலிகள் ஓயாமல் தின்று பந்தாகப் பருத்திருந்தன. லெப்டினை ஊசியில் கொடுத்ததும் தீனி குறைந்து இளைத்தன. சரி, மனிதருக்கும் இதையே போட்டுவிடலாமே என்று எல்லாரும் ஆசைப்பட்டார்கள். பார்த்தால், உடல் பருத்தவர்களில் பெரும்பாலானோருக்கு லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக இருந்தது. மூளைதான் அதற்குச் சரியாகக் காது கொடுக்கவில்லை.

கூடினால் கண்டுகொள்ளாத அதே மூளை, குறைந்தால் பதறிவிடும். 14 கிலோ கரைந்தபோது உங்கள் லெப்டினும் சரிந்திருக்கும். நீங்கள் டயட்டில் இருப்பது மூளைக்கு எப்படித் தெரியும்? பஞ்சம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளும். வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன் பசியைக் கிளப்பும். ‘நிறைந்துவிட்டது’ என்று குடல் அனுப்பும் சேதி மங்கும். ஆஸ்திரேலியாவில் 50 பேரைச் சேர்த்துச் செய்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. பத்து வாரத்தில் அவர்கள் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், ஏறத்தாழ உங்களைப் போல. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

உடம்பின் செலவும் சுருங்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். சும்மா இருக்கையில் அவர்கள் உடம்பு எரித்த சக்தி, அவர்கள் எடைக்கு இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. கிட்டத்தட்ட ஒரு தட்டு நாசி லெமாக்! இதை மாமியாரிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும், ஆனால் மறுபடி சோற்றைப் பாதியாக்கித் தனியாகப் போராட வேண்டாம். இரவுப் பசி பெரும்பாலும் பகலில் குறைத்ததன் பாக்கி. காலையிலும் மதியமும் முட்டை, மீன், தௌஹு, பருப்பு என்று புரதத்தைக் கூட்டுங்கள். காலையில் வெறும் தே தாரேக்கோடு வேலைக்கு ஓடுகிறவராக இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். பதினொரு மணிக்கு விழித்திருப்பவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கம் குறைந்தாலும் கிரெலின் ஏறும்.

அடுத்து, பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போங்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உங்கள் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) இப்போது 33. சிங்கப்பூரில் 27.5 தொட்டாலே அதிக ஆபத்துப் பிரிவு. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், தைராய்டு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடையைக் கூட்டும், எடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எடை குறைக்க உதவும் செமாக்ளுடைட் போன்ற ஊசிகளைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். குடல் ஹார்மோன் ஒன்றைப் போலவே அவை மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்கின்றன. எல்லாருக்கும் ஒத்துவராது. குமட்டல் வரலாம், விலையும் அதிகம். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பிவிடும். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதில்லையா, அதுபோலத்தான். மருத்துவர் எழுதித் தராமல் இணையத்தில் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

72ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நான்கிலிருந்து எட்டு கிலோ குறைந்து அங்கேயே நின்றாலும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நல்ல பலன் கிடைக்கும்.

மருத்துவரிடம் போகும்போது கணவரையும் அழைத்துப் போங்கள். அவர் காதால் கேட்கட்டும். அம்மாவிடம் பேச வேண்டியதை அவரே பேசட்டும்.