இக்கிகய்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, இக்கிகய் என்றால் ஜப்பானிய மொழியில் ‘வாழ்வதற்கான காரணம்’ என்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க, பிடித்தது, நன்றாக வருவது, உலகுக்குத் தேவையானது, சம்பளம் தருவது என்று நான்கு வட்டங்கள் போட்ட படம் ஒன்று இணையத்தில் சுற்றுகிறதே, அதை எத்தனை முறை நிரப்பினாலும் எல்லாம் சேரும் நடுவில் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. பிடித்த வேலைக்குச் சம்பளம் இல்லை, சம்பளம் தரும் வேலை பிடிக்கவில்லை. எனக்கு இக்கிகய்யே கிடையாதா?

பதில்: முதலில் அந்தப் படத்தை ஓரம் வையுங்கள் தம்பி. அது ஜப்பானில் பிறந்ததே அல்ல. ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஜோதிடர் வரைந்தது. அவர் நடுவில் எழுதியிருந்தது ‘நோக்கம்’. 2014-இல் மார்க் வின் என்பவர் அந்த இடத்தில் இக்கிகய் என்று போட, படம் உலகமெல்லாம் பரவிவிட்டது. ஜப்பானியர்களைக் கேட்டால் பேரக்குழந்தை, காய்கறித் தோட்டம், நண்பர்களோடு பாடுவது என்று சாதாரணமாகச் சொல்வார்கள். சம்பளம் வர வேண்டும் என்ற நிபந்தனையே அதில் இல்லை. ஒன்றுக்கு மேலும் இருக்கலாம்.

கேள்வி: போட்டோகிராபிதான் என் உயிர். ஐடி வேலையை விட்டுவிடலாமா? வீட்டுக் கடன் இருக்கிறது.

பதில்: அதற்காக மட்டும் என்றால் விடாதீர்கள். 2010-இல் ஜப்பானில் சுமார் 2,000 பேரிடம் எடுத்த கணிப்பில், வேலைதான் தங்கள் இக்கிகய் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வேலை உங்கள் தூக்கத்தையும் உடம்பையும் கெடுக்கிறது என்றால் வேறு வேலை தேடுங்கள், அது தனிக் கணக்கு. அப்புறம், எடுத்த படங்களை யாருக்காவது காட்டுகிறீர்களா? ஏன் கேட்கிறேன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: மேடம், இதில் ஆழமாகப் போக யாரிடமிருந்து தொடங்கலாம்?

பதில்: மியேகோ காமியா. ஒகயாமா மாநிலத்தில் நாகஷிமா என்ற தீவில், தொழுநோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துச் சட்டப்படி அடைத்து வைத்திருந்தார்கள். 1957 முதல் அங்கே போய்வந்த மனநல மருத்துவர் அவர். ஒரே நோய், ஒரே தீவு. பலர் வாழ்க்கை வெறுத்துப்போய்க் கிடக்க, சிலர் மட்டும் நிறைவாக வாழ்ந்தது எப்படி என்று ஆராய்ந்து 1966-இல் புத்தகமாக எழுதினார்.

அதே தீவில் பார்வை இழந்த நோயாளிகள் சிலர் ஹார்மோனிகா இசைக்குழு நடத்தினார்கள். விரல்களில் உணர்ச்சி செத்துவிட்டதால், பிரெயிலில் குத்திய இசைக்குறிப்பை நாக்கால் தடவிப் படித்தார்கள். நாக்கில் ரத்தம் கசியுமாம். இதைப் படித்த பிறகு, ‘பிடித்ததைச் செய், பணம் வரும்’ என்ற பேச்சையெல்லாம் என்னால் கேட்க முடிவதில்லை.

மனிதனுக்கு வேண்டியவை என்று காமியா சொன்னவற்றில் ஒன்று, நாம் செய்வதற்கு இன்னொருவரிடமிருந்து வரும் மறுமொழி. படங்களைக் காட்டுங்கள் என்பது இதற்காகத்தான்.

கேள்வி: இக்கிகய் இருந்தால் நூறு வயது வாழலாமா?

பதில்: அப்படி யாரும் உறுதி தர முடியாது. மியாகி மாநிலத்தில் 40,000-க்கும் அதிகமானோரை ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். இக்கிகய் இருக்கிறது என்றவர்களிடையே இதயநோய், பக்கவாத மரணங்கள் குறைவு. புற்றுநோயில் அப்படித் தெரியவில்லை. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள் ‘இல்லை’ என்று சொல்லியிருக்கவும் கூடும்.

கேள்வி: அப்பா லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருங்கள் என்றால் எரிந்து விழுகிறார்.

பதில்: சரி, அப்படிச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். ஜப்பானில் 60 வயது தாண்டியவர்களுக்கென்றே வேலை மையங்கள் இருக்கின்றன. 1975 வாக்கில் டோக்கியோவில் தொடங்கியவை. மரக்கிளை வெட்டுவது, களை பறிப்பது, ஜப்பானிய வீடுகளின் காகிதக் கதவுகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டுவது என்று வாரத்தில் சில நாள் வேலை. கிடைப்பது சிறு தொகைதான், ஆனாலும் போகிறார்கள். உங்கள் தெருவில் ஐடிஐ படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அப்பாவிடம் வயரிங் கற்றுக்கொள்ள அனுப்புங்கள். நீங்கள் கேட்க வேண்டாம், அவர்களே வந்து கேட்கட்டும்.