பழைய மாணவர்களைச் சேர்த்து வைப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 1998இல் பிளஸ் டூ முடித்தவர்கள் சேர்ந்து 2023இல் வெள்ளிவிழா சந்திப்பு நடத்தினோம். ஆசிரியர்களை அழைத்து மரியாதை செய்தோம். பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் கொடுத்தோம். இப்போது வாட்ஸப் குழுவில் காலை வணக்கமும் அரசியல் சண்டையும்தான் மிச்சம். பெண்கள் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். அப்போதிருந்த தலைமையாசிரியர் மாறுதலில் போய்விட்டார், புதியவருக்கு எங்களைத் தெரியாது. போர்டு ஓடவில்லை. பள்ளியில் சேர்க்கையும் குறைகிறது. எல்லா ஆண்டு மாணவர்களையும் சேர்த்துச் சங்கமாகப் பதிவு செய்யலாம் என்கிறார்கள் சிலர். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நண்பர்கள் பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் வேண்டாம்)
திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

பதிவு, பணம் இரண்டையும் இந்த ஆண்டு தள்ளி வையுங்கள். முதலில் வேண்டியது பட்டியல். உங்கள் பள்ளியில் யார் யார் படித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எழுதி, ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கப்படும் பட்டியல். அது கையில் இருந்தால் சந்திப்பும் சங்கமும் எப்போது வேண்டுமானாலும் நடத்தலாம். அது இல்லாவிட்டால் எல்லாமே நான்கு பேரின் சுறுசுறுப்பு இருக்கும்வரைதான். உங்கள் குழுவுக்கு நேர்ந்தது அதுதான்.

அந்தப் பட்டியலில் ‘பிளஸ் டூ முடித்தவர்கள்’ மட்டும் இருக்கக் கூடாது. உங்களோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் பலர் எட்டாவதோடு நின்றிருப்பார்கள், பத்தாவதில் தவறியிருப்பார்கள், வயலுக்கோ பட்டறைக்கோ போயிருப்பார்கள். பெண்களில் சிலருக்குப் படிப்பின் நடுவிலேயே திருமணம் ஆகியிருக்கும். இவர்களில் பெரும்பாலோர் இன்னும் ஊரில்தான் இருப்பார்கள். தம் பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளை அதே பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்களும் அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டுச் சேர்க்கை குறைகிறது என்று கவலைப்படுவதில் பயனில்லை. ஆகவே ‘பேட்ச்’ என்று ஒரே ஆண்டைக் கேட்காமல் சேர்ந்த ஆண்டு, விட்ட ஆண்டு, கடைசியாகப் படித்த வகுப்பு என்று மூன்று கட்டங்கள் வையுங்கள். மூத்தவர்களுக்கும் இதுதான் வசதி. தமிழகத்தில் பிளஸ் டூ வந்தது 1978இல். அதற்கு முன் படித்தவர்கள் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளியை விட்டவர்கள்.

மற்ற கட்டங்கள்: பள்ளியில் இருந்த பெயரும் இனிஷியலும், இப்போதைய பெயரும் இனிஷியலும், அன்று இருந்த ஊர், இன்று இருக்கும் ஊர், தொழில், செல்பேசி எண், ஊரிலேயே இருக்கும் உறவினர் ஒருவரின் எண், கடைசியாகச் சரிபார்த்த தேதி, சரிபார்த்தவர். பெண்களைத் தேடும்போது அப்பா இனிஷியல்தான் துப்பு. திருமணத்துக்குப் பின் கணவர் இனிஷியலுக்கு மாறியவர்களை இப்போதைய பெயரை வைத்துத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். உறவினர் எண்ணை யாரும் கேட்பதில்லை, ஆனால் பட்டியலைக் காப்பாற்றுவது அதுதான். கைவிடப்பட்ட செல்பேசி எண் துண்டிக்கப்பட்ட பின் 90 நாள்வரை வேறொருவருக்கு ஒதுக்கப்படாது, அதன்பின் ஒதுக்கப்படலாம். சிங்கப்பூர் போன நண்பரின் பழைய எண்ணில் இன்று முன்பின் தெரியாத ஒருவர் இருக்கக்கூடும். சாதி, பிறந்த தேதி, வருமானம் ஆகிய மூன்றும் பட்டியலில் இருக்கவே கூடாது.

கூகுள் படிவம் அனுப்பினால் ஏற்கெனவே குழுவில் இருப்பவர்கள்தான் நிரப்புவார்கள். காணாமல் போனவர்களை ஊர்வாரியாகத் தேடுங்கள். ஒரு மேல்நிலைப் பள்ளிக்குச் சுற்றியுள்ள எட்டுப் பத்து ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்திருப்பார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆண், ஒரு பெண் என இருவரைப் பிடியுங்கள். தெருவாரியாக யார் எந்த ஆண்டு படித்தார்கள் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரே தெருக்காரர்களையே இணைப்பாளராகப் போட்டால் பட்டியலும் அந்தத் தெருவோடு நின்றுவிடும், இதில் கண்ணும் கருத்துமாக இருங்கள். பிறகு வகுப்பு குரூப் போட்டோவை வைத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் பெயர் எழுதுங்கள். விட்டுப்போன பெயர்களுக்குத்தான், யார் எப்போது சேர்ந்தார், எப்போது விட்டார் என்று பள்ளி எழுதிவைக்கும் சேர்க்கை நீக்கப் பதிவேடு. அதில் சாதியும் பிறந்த தேதியும் இருக்கும் என்பதால் அதைப் படம் எடுக்கவோ நகல் கேட்கவோ வேண்டாம். உங்கள் பெயர்ப் பட்டியலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்தால், அலுவலகத்தில் ஒப்பிட்டு விடுபட்ட பெயர்களை மட்டும் சொல்லலாம்.

பழைய ஆட்களைத் தேடுவது கடினம், புதியவர்களைப் பிடித்து வைப்பது எளிது. மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் சான்றிதழும் வாங்கப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும் நாட்களில் வாசலில் ஒரு மேசை போட்டு இருவர் உட்கார்ந்தால் அந்த ஆண்டு மாணவர்கள் ஏறக்குறைய எல்லாரும் பட்டியலில் வந்துவிடுவார்கள். பத்தாவதோடு போகிறவர்களையும் சேருங்கள். இவர்கள் பெரும்பாலும் 18 வயதுக்குக் கீழே இருப்பார்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 நிரம்பாதவர்கள் குழந்தைகள், பெற்றோர் ஒப்புதல் வேண்டும். எண்ணை அப்பா அம்மாவிடம் வாங்குங்கள். வயது வந்த பிறகே குழுவில் சேருங்கள்.

அந்த மேசையே ஓர் உதவி மையமாகவும் இருக்கட்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பிள்ளைகள் தடுக்கி விழுவது சான்றிதழ்களில்தான். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு, எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் பெயர். இதைச் சொல்லிக்கொடுக்க உங்கள் வயதுக்காரர்களை விட, இரண்டு மூன்று ஆண்டுக்கு முன் அதே வரிசையில் நின்ற முன்னாள் மாணவர்களே பொருத்தம். பணம் எதுவும் இல்லாத இளைஞர்களுக்குச் சங்கத்தில் மதிப்பான வேலை இது. அவர்கள் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

வாட்ஸப்புக்கு வருகிறேன். ஒரு குழுவில் 1024 பேர்தான் இருக்க முடியும், எல்லா ஆண்டுக்கும் ஒரே குழு என்பது நடக்காது. நடந்தாலும் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் வெளியேறுவதற்கு முதல் காரணம் அது: குழுவிலிருந்து எண்ணை எடுத்துத் தனியாகச் செய்தி அனுப்புகிறவர்கள். பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் ‘கம்யூனிட்டி’ வசதியில் அறிவிப்புக் குழு மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். அதில் நிர்வாகிகள்தான் எழுத முடியும். ஒருவர் எண்ணை இன்னொரு உறுப்பினர் பார்க்க முடியாது, நிர்வாகிகளுக்கும் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டுமே தெரியும். ஆகவே நிர்வாகிகளில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், பெண்கள் புகார் சொல்லும் எண் ஒரு பெண்ணுடையதாக இருக்க வேண்டும். அரட்டைக்கு ஆண்டுவாரியாகத் தனிக் குழுக்கள். பொதுக் குழுவில் மாதம் ஒரே ஒரு செய்தி போதும்: பள்ளியில் நடந்தது, பள்ளிக்கு வேண்டியது, இறந்தவர்கள், வேலைவாய்ப்பு. தினம் பத்துச் செய்தி வரும் குழுவை மக்கள் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள், பிறகு முக்கியமான செய்தியும் கண்ணில் படாது.

சந்திப்புக்கு நிலையான நாள் வேண்டும். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ கிரிக்கெட் ஆட்டம் மார்ச் மாதத்தில் வரும் என்று பழைய மாணவர் எல்லாருக்கும் தெரியும், உலகின் எந்த மூலையில் இருந்தாலும் விடுப்பை அதற்கேற்பப் போட முடியும். உங்களுக்குப் பொங்கல் விடுமுறை சரியாக வரும். வெளியூர்க்காரர்கள் ஊருக்கு வருவார்கள். ஆனால் பள்ளியில் ஆசிரியர்களும் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். அதனால் ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துக்கு ஊரில் இருப்பவர்கள் கட்டாயம் போய் நில்லுங்கள். புதிய தலைமையாசிரியர் உங்களை அறிந்துகொள்ளும் நாள் அது. மார்ச்சில் பொதுத்தேர்வு, பள்ளிப் பக்கமே போகாதீர்கள்.

சந்திப்புக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று கட்டணம் வைப்பதும், ஒரே நிற டீ ஷர்ட்டுக்கு வசூலிப்பதும் கூலி வேலை செய்கிறவரை வாசலிலேயே நிறுத்திவிடும். அவர் காரணம் சொல்ல மாட்டார், வராமல் இருந்துவிடுவார். சாப்பாட்டுச் செலவை முடிந்தவர்கள் ஏற்கட்டும். யார் எவ்வளவு தந்தார் என்பது மேடையிலும் பலகையிலும் வேண்டாம். கணக்கு மொத்தமாக எல்லாருக்கும் தெரிந்தால் போதும். மேடையையும் சுருக்குங்கள். 20 பேருக்குப் பொன்னாடை, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே 40 நிமிடம் போய்விடும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களை நேரில் போய் அழையுங்கள், வண்டி வைத்து அழைத்து வந்து வண்டி வைத்தே கொண்டுபோய் விடுங்கள்.

ஸ்மார்ட் போர்டுக்கு என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது, அது பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பது. பதிவேட்டில் இல்லாத பொருளுக்கு யாரும் பொறுப்பில்லை. பழுது பார்க்கப் பள்ளி நிதியையும் தொட முடியாது. அடுத்து யூ.பி.எஸ். பேட்டரி, மின் இணைப்பு, பயிற்சி பெற்ற ஆசிரியர் மாறிப்போனாரா என்பது. பழைய மாணவர்கள் விரும்பிக் கொடுக்கும் பொருட்களில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவியும் இப்படித்தான் சாகிறது. முன்வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும் மெம்பிரேனை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். எதைக் கொடுத்தாலும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு எடுத்து வையுங்கள். என்னைக் கேட்டால், புதிய கழிப்பறை கட்டுவதைவிட இருக்கும் கழிப்பறைக்கு ஒரு தூய்மைப் பணியாளரின் மாதச் சம்பளம் மேல். பெயர்ப் பலகை கிடைக்காது, ஆனால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் பயப்படாமல் பள்ளிக்கு வருவார்கள்.

எது தேவை என்பதைப் பள்ளிதான் சொல்ல வேண்டும். காமராஜர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலில் ஒவ்வொரு பள்ளியின் தேவைப் பட்டியலும் எடுக்கப்பட்டது, பிறகே ஊரார் பொறுப்பேற்றார்கள். அந்த வரிசை இன்றும் சரி. இன்று அதற்கான இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கொண்டுவந்த அமைப்பு அது, முக்கால் பங்கு பெற்றோர். 2024இல் தமிழகத்தில் அதை மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. உங்கள் பள்ளியில் அந்த இடத்தில் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தலைமையாசிரியர் மாறுவார், குழுவின் தீர்மானப் புத்தகம் பள்ளியிலேயே இருக்கும். பெரிய தொகை என்றால் அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகப் பள்ளியையும் வேலையையும் குறிப்பிட்டுக் கொடுக்கலாம். கட்டடம் என்றால் துறை அனுமதியில்லாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

சங்கப் பதிவு அடுத்த ஆண்டுக்கு. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டு, சங்க விதிகளோடு மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். சிக்கல் பதிவதில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பொதுக்குழு கூட்டி, வரவு செலவும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்கள் முதல் ஆண்டோடு இதை விட்டுவிடுகின்றன, பிறகு வங்கிக் கணக்கே முடங்கும். உறுப்பினர்களில் ஒரு கணக்கரோ ஓய்வுபெற்ற அலுவலரோ இந்த ஒரு வேலையை மட்டும் ஏற்றுக்கொண்ட பிறகு பதியுங்கள். அதுவரை தனிநபரின் ஜிபே எண்ணில் பணம் வாங்க வேண்டாம். பதிந்த பின் மூவரில் இருவர் கையெழுத்தோடு கணக்கு இயங்கட்டும். நன்கொடை தருபவருக்கான வருமான வரிச்சலுகை (80ஜி என்று அறியப்பட்டது) சங்கம் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டியது. 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் தந்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

வெளிநாட்டு நண்பர்களிடம் ஒரே கேள்விதான்: இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறதா? இருந்தால், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றால் இது பொருந்தும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். அவர் பணத்தைச் சங்கம் வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், 15 லட்சம் ரூபாய் செலவு காட்ட வேண்டும். உங்கள் அளவுச் சங்கத்துக்கு அது இப்போது எட்டாது. அந்த நண்பர்களிடம் பணத்துக்குப் பதில் நேரம் கேளுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, வகுப்பறையில் ஆசிரியர் உடனிருக்க, பிளஸ் ஒன் பிள்ளைகளோடு திரையில் ஒரு மணி நேரம் பேசட்டும். பிள்ளைகளின் எண்ணை அவர்களுக்கோ அவர்கள் எண்ணைப் பிள்ளைகளுக்கோ கொடுக்காதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள்.

இப்போதிருக்கும் குழுவைக் கலைக்க வேண்டாம். அரசியல் எழுதுகிற நண்பர்கள் உட்பட அதில் இருப்பவர்கள் எல்லாரிடமும் ஒரே வேலையைக் கொடுங்கள்: ஆறாம் வகுப்பில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பிறகு பள்ளியை விட்டுப்போன ஒருவரின் பெயர், ஊர், அவர் வீட்டில் ஒருவரின் எண். ஒரு மாதக் கெடு வையுங்கள்.

அன்புடன்