ரப்பர் எழுத்துல அடிச்ச ரூபா நோட்டு

கேள்வி: ஆன்லைன் ஏலத்துல ஒரு பழைய நோட்டு பாத்தேன் சார். 1917, ஒரு ரூபான்னு ஜெர்மன்ல இருக்கு, எழுத்தெல்லாம் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி கோணல்மாணலா இருக்கு. ஜெர்மன்காரன் எதுக்கு ரூபா அடிச்சான், இது டூப்ளிகேட்டா?
- வாசகர், திருப்பூர்

பதில்: கோணலா இருக்குன்னு மட்டும் வச்சு டூப்ளிகேட்னு சொல்லிடாதீங்க, ஒரிஜினலே அந்த லட்சணத்துலதான் இருக்கும்! இது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா நோட்டு, அதாவது இப்போதைய தான்சானியா, ருவாண்டா, புருண்டி பக்கம். அந்தக் கடற்கரையில ஜெர்மன்காரன் வர்றதுக்கு முன்னாடியே நம்மூர் வியாபாரிங்களால வெள்ளி ரூபாதான் புழக்கத்துல இருந்துச்சு, அவனும் ரூபாவையே வச்சுக்கிட்டான்.

நோட்டு எப்பவும் ஜெர்மனியில அச்சாகி கப்பல்ல வரும். 1914-ல போர் வந்து, பிரிட்டிஷ் கடற்படை கடற்கரையை மறிச்சதும் அது நின்னுபோச்சு, ஜனங்களும் வெள்ளிக்காசைப் பதுக்க ஆரம்பிச்சுட்டாங்க (நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன்), சம்பளம் குடுக்க காசு வேணுமே, அதனால 1915-ல தார் எஸ் சலாம்ல இருந்த ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா பேங்க் உள்ளூர்லயே இடைக்கால நோட்டு அடிச்சுது. 1 ரூபாயிலேருந்து 200 ரூபா வரைக்கும், கிடைச்ச பேப்பர்ல, படம் கிடம் எதுவும் இல்லாம, அதிகாரிங்க பேனாவால கையெழுத்துப் போட்டு.

1916-ல, கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த தபோரா ஊர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புல காசே அடிச்சாங்க. காலி தோட்டா பித்தளையெல்லாம் உருக்கி 20 ஹெல்லர் (அங்க ரூபாவுக்குச் சில்லறை), செகென்கே சுரங்கத் தங்கத்துல யானை போட்ட 15 ரூபா. அந்த செப்டம்பர்லயே பெல்ஜியம் படை தபோராவைப் பிடிச்சுடுச்சு. ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கோட படை தெற்கே காட்டுப்பக்கம் நகர்ந்துச்சு, அங்க பிரஸ் ஏது? ரப்பர் எழுத்தைக் கோத்து கையால அடிச்சதுதான் நீங்க பாத்த 1917 நோட்டு, சேகரிக்கிறவங்க "புஷ் நோட்"னு, அதாவது காட்டு நோட்டுன்னு, சொல்லுவாங்க.

வாங்கறதா இருந்தா க்ளோசப் போட்டோ கேளுங்க. ரப்பர் அச்சுல மை எழுத்து ஓரத்துல கொஞ்சம் திரண்டு நிக்கும், பிரிண்டர்ல எடுத்த காப்பின்னா லென்ஸ்ல குட்டிக் குட்டி கலர் புள்ளி தெரியும். யானைக் காசுலயும் போலி நிறைய சுத்துது, ரிட்டர்ன் எடுத்துக்காத ஆள்கிட்ட அந்தப் பக்கமே போகாதீங்க.