எள்ளை எட்டாகப் பங்கிட்டவர்கள்

கேள்வி: நாடுகளின் அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில்கள் கூடிக் கூடிப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகின்றன. தலைவர்கள் அடித்துக்கொள்ளும்போது விஞ்ஞானிகள் கைகுலுக்கி என்ன ஆகப்போகிறது? எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது?
(ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: எள்ளை எடுத்துவிட்டீர்கள், நான் விடுவதாயில்லை. ஜோர்டானில், அம்மானுக்கு வடமேற்கே அல்லான் என்ற ஊரில் ஓர் எள் இருக்கிறது. பெயர் 'செசமி'. பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்கூடம் அது; 'மத்தியக் கிழக்கில் சோதனை அறிவியலுக்கும் பயன்பாடுகளுக்குமான சின்க்ரோட்ரான் ஒளி' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் பெயர். சேர்த்து வாசித்தால் 'செசமி', ஆங்கிலத்தில் எள். 133 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்களை ஒளிவேகத்தை ஒட்டி ஓடவிடுகிறார்கள். வளையும்போது அவை சிந்தும் எக்ஸ்ரேயில் புரதத்தையும் மண்ணையும் பழங்கால எலும்பையும் ஆராய்கிறார்கள்.

2017 மே 16 அன்று திறந்தபோது உறுப்பினர்கள்: ஈரான், இஸ்ரேல், பாலஸ்தீனம், பாகிஸ்தான், எகிப்து, துருக்கி, சைப்ரஸ், ஜோர்டான். எள்ளானாலும் ஏழாகப் பங்கிடு என்பார்கள் நம் பாட்டிமார். இவர்கள் எட்டாகப் பங்கிட்டார்கள், அதிலும் சிலர் ஒருவரையொருவர் நாடென்றே ஒப்புக்கொள்ளாதவர்கள்!

நட்பு பொங்கி வழிந்து இது நடக்கவில்லை. பெர்லினில் 'பெஸ்ஸி 1' என்ற எலக்ட்ரான் முடுக்கி 1999இல் ஓய்வுபெற்றது. ஜெர்மனி அதை இலவசமாகத் தந்தது. ஆனால் அதன் திறன் 80 கோடி எலக்ட்ரான் வோல்ட்தான். புரதப் படிகத்தைப் பார்க்கத் தேவையான வன்மையான எக்ஸ்ரே அதில் கிடைக்காது. எனவே பழைய இயந்திரத்தில் எலக்ட்ரானை ஊட்டும் பகுதியை வைத்துக்கொண்டு, 250 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்குப் புது வளையம் கட்டினார்கள். அதன் காந்தங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 50 லட்சம் யூரோ கொடுத்தது, ஜெனீவாவில் உள்ள துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்ன் பொறுப்பேற்றது. ஆறுதுருவக் காந்தங்களில் சில சைப்ரஸிலும் சில பாகிஸ்தானிலும் உருவாயின. நான்குதுருவக் காந்தங்களுக்குச் சுருள் துருக்கியிலிருந்து வந்தது. சைப்ரஸும் துருக்கியும் தூதரகம் வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் கைபட்ட காந்தங்கள் ஒரே எலக்ட்ரான் கற்றையைப் பிடித்து வைக்கின்றன.

இடையில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2010இல், இந்த எள்ளோடு தொடர்புடைய ஈரானிய இயற்பியலாளர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். 2012இல் ஈரான், இஸ்ரேல், ஜோர்டான், துருக்கி நான்கும் தலா 50 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. பொருளாதாரத் தடையால் ஈரானின் பணம் வங்கி வழியாக வர முடியவில்லை. 2013 டிசம்பர் பனியில் கூரையே இடிந்து விழுந்தது. எல்லாம் தாண்டி நின்றால் மின்கட்டணம்! அதற்குத்தான் 2019இல் 6.48 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறந்தார்கள்.

இப்போது உங்கள் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்'. இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய சண்டை. யாரும் பணம் கட்டக் கடமைப்படாத தாளுக்கு ஒப்பந்தம் என்று எப்படிப் பெயர் வைத்தார்களோ! செசமிக்குச் சட்டவிதி உண்டு, ஆண்டுச் சந்தா உண்டு, ஓட்டுள்ள கவுன்சில் உண்டு. அதனால்தான் உறுப்பினர்கள் முறைத்துக்கொண்டாலும் அது ஓடுகிறது.

இரு நாட்டு ஆராய்ச்சிக் கவுன்சில்கள் சேர்ந்து பணம் தருவதாக வையுங்கள். ஒரே திட்டத்தை இரண்டும் தனித்தனியே மதிப்பிட்டால், ஒவ்வொன்றிலும் தேறும் வாய்ப்பு 20 சதவீதம் என்றால், இரண்டிலும் தேறுவது ஏறத்தாழ 4 சதவீதம். நல்ல திட்டம் அங்கேயே செத்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து கவுன்சில்கள் இதற்கு வழி கண்டன: ஒரு கவுன்சில் மதிப்பிடும், மற்றது அந்த முடிவை ஏற்கும், அவரவர் விஞ்ஞானிக்கு அவரவர் பணம். இதற்கும் ஓர் ஆபத்து உண்டு, நிதியாண்டு. ஒருவருக்கு டிசம்பரில் முடியும், இன்னொருவருக்கு மார்ச்சில். ஒரு பக்கம் ஆளை வேலைக்கு எடுத்துவிட்டு, மறுபக்கத்துக் கருவிக்குப் பணம் வரும்வரை அவரைச் சும்மா உட்காரவைக்க நேரும். இரு பக்கமும் ஒரே நாளில் தொடங்கும் என்ற ஒரு வரியை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். கைகுலுக்கும் படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.