பட்டறைக் கேள்வி பதில்: உடம்புக்குள் போகும் உலோகம்

கேள்வி: அம்மா, மூன்று ஆண்டுகளாக சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஓட்டுகிறேன். இப்போது எலும்பு முறிவுக்குப் போடும் திருகுகள் செய்யும் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். 6 மில்லிமீட்டர் டைட்டானியம் கம்பி. எஃகுக்கு வைத்த அதே வேகத்தில், நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஓட்டினால் நாலைந்து ஜாபிலேயே (உருப்படியிலேயே) டிப், அதாவது டூலின் வெட்டும் துண்டு, தீய்ந்துவிடுகிறது. பயந்து பீடை (ஒரு சுற்றுக்கு டூல் முன்னேறும் தூரத்தை) 0.01 மில்லிமீட்டருக்குக் குறைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. டைட்டானியம் அப்படியொன்றும் கடினமான உலோகம் இல்லை என்றுதானே படித்தேன்?

பதில்: படித்தது சரிதான், தம்பி. கடினத்தில் அதைத் தோற்கடிக்கும் எஃகு வகைகள் எத்தனையோ உண்டு. டிப்பைத் தின்பது சூடு.

எஃகை வெட்டும்போது பிறக்கும் சூட்டில் பெரும்பங்கைச் சீவல் வாரிக்கொண்டு போய்விடும். டைட்டானியத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. உங்கள் கையில் இருப்பது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த ரகமாகத்தான் இருக்கும். சாதாரண எஃகு கடத்தும் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கைத்தான் அது கடத்தும். சீவலுக்கும் போகாமல் ஜாபுக்கும் போகாமல், சூட்டில் ஐந்தில் நாலு பங்கு டிப்பின் மேல் இறங்குகிறது. அதுவும் டிப் முழுவதும் பரவுவதில்லை. சீவல் டிப்பைத் தொடும் இடம் மிகக் குறுகியது என்பதால், எல்லாச் சூடும் வெட்டுமுனையை ஒட்டிய மயிரிழை அகலத்தில் குவிகிறது. அந்தச் சூட்டில் டைட்டானியத்துக்கு இன்னொரு குணமும் வெளிப்படும்: தொட்டதோடு ஒட்டிக்கொள்ளும். டிப் செய்யப் பயன்படும் கடினப் பொருளான கார்பைடின் துகளைப் பெயர்த்துக்கொண்டுதான் பிரியும். உங்கள் டிப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முனைக்குச் சற்றுப் பின்னால் சிறு குழி விழுந்திருக்கும். முனையில் வெள்ளிப் பூச்சுபோல டைட்டானியம் அப்பியிருக்கும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 6 மில்லிமீட்டர் கம்பி 8,000 சுற்றில் சுழன்றால் கட்டிங் ஸ்பீடு நிமிடத்துக்கு 150 மீட்டர். எஃகுக்கு அது அழகான வேகம், டைட்டானியத்துக்கு மும்மடங்கு. 50 மீட்டரில், அதாவது சுமார் 2,650 சுற்றில் தொடங்குங்கள். அதைவிட முக்கியமானது, பீடைத் திரும்ப ஏற்றுங்கள். எந்த டிப்பின் முனையும் முழுக் கூர்மையாக இருப்பதில்லை. உற்றுப் பார்த்தால் ஒரு சிறு உருட்டு இருக்கும். 0.01 பீடில் அந்த உருட்டு உலோகத்தைச் சீவாமல் தேய்த்துக்கொண்டு போகிறது. தேய்த்தால் சீவல் வராது, சூடு மட்டும் வரும். பூச்சில்லாத, பட்டைதீட்டிய கூரான கார்பைடு டிப்பை வாங்கி, 0.05 பீடில் துணிந்து வெட்டுங்கள். பயந்து பீடைக் குறைப்பது எல்லோருக்கும் வரும் தவறு. எனக்கும் வந்திருக்கிறது.

இன்னொன்று, டைட்டானியம் வளையும். அதன் விறைப்பு எஃகில் பாதிதான். டூல் அழுத்தும்போது கம்பி விலகிக் கொடுத்துவிட்டு, டூல் கடந்ததும் திரும்பி வந்து டிப்பின் அடிப்பக்கத்தில் உராயும். ஆகவே கம்பி கைடு புஷ்ஷுக்கு (கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் வளையத்துக்கு) வெளியே எவ்வளவு குறைவாக நீட்டுகிறதோ அவ்வளவு நல்லது. மரை வெட்டுவதற்கு உங்கள் மெஷினில் வேர்லிங் தலை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வளையத்தின் உட்புறத்தில் பற்கள் பொருத்திய அந்தத் தலை, மெதுவாகச் சுழலும் கம்பியைச் சுற்றி வேகமாக ஓடி, மரையின் முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடும். புஷ்ஷின் வாயிலேயே வெட்டு நடப்பதால் கம்பிக்கு விலக இடமில்லை.

கூலண்டை (குளிர்விக்கும் திரவத்தை) பக்கத்திலிருந்து ஊற்றினால் போதாது. சீவலும் டிப்பும் சந்திக்கும் இடுக்கில் அழுத்தத்தோடு பாய வேண்டும். சீவல் நீலமாக வந்தால் உடனே நிறுத்துங்கள்; சூடு எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். ஜாபின் மேல்தோலும் அந்தச் சூட்டைப் பார்த்திருக்கும். ஆக்சிஜன் ஏறி நொறுங்கும் தன்மை அடைந்த தோல், உடம்புக்குள் பல்லாயிரம் முறை சுமை தாங்கும்போது விரிசல் தொடங்குகிற இடமாகிவிடும்.

கேள்வி: என் தந்தைக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்திருக்கிறார்கள். மாதிரி உறுப்பை மருத்துவர் காட்டினார். இடுப்புக் குழியில் சுழலும் குண்டு, கண்ணாடிபோல் முகம் தெரிய மின்னுகிறது. தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டோ சொரசொரப்பாக இருக்கிறது. ஒரே உறுப்பில் ஏன் இப்படி?

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டுமென்றே செய்தவை.

தண்டின்மேல் எலும்பு பற்றி வளர வேண்டும். சுவீடனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1952-இல் முயல்களின் எலும்பில் டைட்டானியக் கூடுகளைப் பொருத்தி ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு டைட்டானியத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-இல் ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியப் பல்வேரைப் பொருத்தினார். உங்கள் தந்தையின் தண்டிலுள்ள சொரசொரப்பு அந்தப் பிடிமானத்துக்காகத்தான்.

குண்டின் வேலை வேறு. அது வழுக்க வேண்டும். இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் இடுப்புக் குழியில் பொருத்திய டெஃப்லான் கிண்ணத்தில் குண்டைச் சுழலவிட்டார். கிண்ணம் விரைவிலேயே தேய்ந்துபோனது. 1962-இல் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் வெற்றி. ஆனால் பாலிஎதிலீனும் தேயும். குண்டில் ஒரு கீறல் இருந்தால் அது அரம்போல வேலை செய்யும். உதிரும் துகள்களை எதிர்த்து உடம்பு போராடுகையில், சுற்றியுள்ள எலும்பே கரைந்து உறுப்பு ஆட்டம் காணும். அதனால்தான் உலோகக் குண்டின் சொரசொரப்பு 0.05 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தரம் சொல்கிறது. ஒரு மெல்லிய தலைமுடியை ஆயிரம் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது. குண்டு கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகம் என்றால், அதைக் கடைந்து, அரைத்து, பலமுறை பாலிஷ் போட்டு அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தந்தையார் நலமாக நடக்கட்டும்.

கேள்வி: 316எல் என்ற துருப்பிடிக்காத ஸ்டீல் தகட்டில் துளை போடும்போது முதல் 2 மில்லிமீட்டர் நன்றாக இறங்குகிறது. பிறகு கீச்சென்று சத்தம் மட்டும் வருகிறது; டிரில் இறங்குவதில்லை. டிரில்லை மாற்றினாலும் அதே கதை.

பதில்: அந்த 2 மில்லிமீட்டரில் நீங்கள் கையைத் தளர்த்தியிருப்பீர்கள். 316எல் ஸ்டீல் தேய்க்கத் தேய்க்க இறுகும் உலோகம். டிரில் முன்னேறாமல் ஒரே இடத்தில் சுழன்றால் துளையின் அடிப்பகுதி இறுகிப்போகும். புதிய டிரில்லும் அந்த இறுகிய தோலின்மேல்தான் போய் நிற்கும்.

கோபால்ட்-குரோமியம் இதைவிடக் கடுமையானது. அதில் வேலை பழகிய முதல் மாதத்தில், டிப் எப்படி இருக்கிறதென்று பார்க்க நினைத்து, ஜாப் சுழன்றுகொண்டிருக்க பீடை மட்டும் நிறுத்தினேன். மூன்று நொடி இருக்கும். டூலை எடுத்துப் பார்த்தால் ஜாபின்மேல் மோதிரம்போல ஒரு பளபளப்பான வளையம். அழகாகக்கூட இருந்தது. புது டிப் போட்டு மீண்டும் ஓட்டினேன். வளையத்தைத் தொட்ட இடத்தில் முனை சில்லாகத் தெறித்தது. அடுத்த டிப்பும் அப்படியே. மேற்பார்வையாளர் வந்து வளையத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "அதன் மேலே வெட்டாதே, அதன் அடியிலே வெட்டு" என்றார். இறுகிய தோலைவிட ஆழமாக டூலை இறக்கியதும் சத்தமே மாறிவிட்டது.

நீங்களும் அதையே செய்யுங்கள். சுற்றைக் குறைத்து, கூரான புது டிரில்லால், தோலுக்குக் கீழே ஒரே மூச்சில் அழுத்தி இறங்குங்கள். சீவலை வெளியேற்ற வேண்டுமென்றால் முழுவதுமாக மேலே தூக்குங்கள். உள்ளேயே நின்று சுழல விடாதீர்கள்.

கேள்வி: டைட்டானியச் சீவல் தீப்பிடிக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை. கட்டியான உலோகம் பற்றாது. இழைபோன்ற மெல்லிய சீவலும் அரைத்த தூளும் பற்றும். மழுங்கிய டிப்பின் ஒரு பொறி போதும். பற்றினால் கண் கூசும் வெள்ளை வெளிச்சம். தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். எரியும் டைட்டானியம் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை வெளிவிடும். அதுவும் சேர்ந்து வெடிக்கும். கரியமில வாயுவிலும் அது எரியும் என்பதால் சுவரில் தொங்கும் சாதாரணச் சிலிண்டரும் உதவாது. உலோகத் தீக்கென்று உள்ள 'டி' வகைத் தூள் வேண்டும். இல்லையென்றால் காய்ந்த மணல். ஷிப்ட் முடியும்போதெல்லாம் சீவலை மெஷினிலிருந்து அள்ளி, மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுங்கள். மணல் வாளி இருந்தால் இன்றே கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் கொட்டிவிட்டுக் காய்ந்த மணலை நிரப்புங்கள். ஈர மணல் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.