ரிச் மல்லின்ஸ் இன்றும் நினைக்கப்படுவது ஏன்?

“ஆசம் காட்” என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாடலை எழுதிப் பாடிய அமெரிக்கப் பாடகர் ரிச் மல்லின்ஸ் இறந்து இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்பும் மக்கள் அவரை ஏன் மறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டது. மறுநாள் இரவு புத்தாண்டு ஆராதனைக்குக் கூடியபோது மின்சாரம் இல்லாததால் கீபோர்டை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. மெழுகுவர்த்தி உருகிப் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருக்க, கீர்த்தனைகளுக்குப் பிறகு வாலிபர்கள் “ஆசம் காட்” பாடலின் பல்லவியைத் தொடங்கினார்கள். ஆங்கிலம் அறியாத பெரியவர்களும் இரண்டாம் முறையிலேயே சேர்ந்துகொண்டார்கள். வாத்தியங்களை எல்லாம் விலக்கிய பிறகும் ஒரு பாட்டு நிற்கிறதா என்பதை அன்றைக்குத்தான் நான் காது கொடுத்துக் கவனித்தேன். அது நின்றது.

மல்லின்ஸ் 1955-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். அவர் எழுதிய ஒரு பாடலை 1982-இல் கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்ட் பாடிப் புகழ்பெறச் செய்தார்; அவருடைய சொந்த இசைத்தொகுப்பு 1986-இல்தான் வந்தது. “ஆசம் காட்” 1988-இல் வெளியானது. ஆனாலும் அதை அவருடைய சிறந்த பாடல் என்று நான் சொல்லமாட்டேன். 1993-ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள “கிரீட்” என்ற பாடலைக் கேளுங்கள். நாம் ஞாயிறுதோறும் மனப்பாடமாக ஒப்பிக்கும் விசுவாசப் பிரமாணத்தை, நம் சந்தூரைப் போலச் சிறு கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் டல்சிமர் என்னும் கருவியோடு அதில் பாடியிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு அந்த வார்த்தைகளை என்னால் வேகமாகச் சொல்லி முடிக்க இயலவில்லை.

அவர் வாழ்ந்த விதம் இதைவிடப் பெரியது. பாடல்களால் வந்த வருமானத்தைத் தம் சபையின் மூப்பர்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு சாதாரணத் தொழிலாளியின் சம்பள அளவுக்கு மட்டும் பெற்றுக்கொண்டார். மீதி தர்மத்துக்குப் போனது. எவ்வளவு சம்பாதிக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை. பேரும் புகழும் இருந்த நாளிலேயே கல்லூரிக்குப் போய் இசைக் கல்வியில் பட்டம் பெற்று, 1995-இல் அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதிக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுத்தார். செல்வத்தைத் துறந்து ஏழையாக வாழ்ந்த அசிசியின் புனித பிரான்சிஸை அவர் வெறுமனே போற்றவில்லை, பின்பற்ற முயன்றார் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

1997 செப்டம்பர் 19 அன்று, நிதி திரட்டும் ஒரு நிகழ்ச்சிக்காகப் பயணம் செய்துகொண்டிருந்தபோது, இல்லினாய் மாநிலத்தில் நேர்ந்த சாலை விபத்தில் அவர் இறந்தார். அப்போது வயது 41. அதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், இயேசுவைப் பற்றிய புதிய பாடல்களைக் கைவிடப்பட்ட ஒரு பழைய தேவாலயத்தில் அமர்ந்து, சாதாரணச் சிறு ஒலிநாடாக் கருவியில் பாடிப் பதிவு செய்திருந்தார். 1998-இல் அவருடைய நண்பர்கள் அவற்றை முழு இசையோடு பாடி வெளியிட்டபோது, அந்த ஒலிநாடாப் பதிவையும் அப்படியே சேர்த்தார்கள். “தி ஜீசஸ் ரெக்கார்டு” என்பது அதன் பெயர்.

நீங்கள் அவரைக் கேட்கத் தொடங்குவதாயின், இரைச்சலோடு இருக்கும் அந்த ஒலிநாடாப் பதிவை முதலில் கேளுங்கள். மெருகேற்றிய பதிவைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.